உள்ளங்கையில் ரசம்

என் தலைக்குள் இரண்டு கம்பி, நெஞ்சில் ஒரு பேட்டரி. கைநடுக்கத்துக்காக வைத்தது. வோல்டைக் கூட்டினால் நடுக்கம் குறையும், வருஷமும் பின்னால் போகும். ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

புரோகிராம் போடுகிற எஸ்தர் மேடம் சின்னக் கம்ப்யூட்டரோடு எதிரே உட்கார்ந்தார்.

"மாத்திரை போடாமதானே வந்தீங்க, மாசிலாமணி சார்?"

"நேத்து ராத்திரியிலேர்ந்து போடலை மேடம்."

"விரலைத் தட்டுங்க. கிழமை சொல்லுங்க."

கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைத் தட்டினேன். ஞாயிறு, திங்கள் என்றேன். இரண்டரை வோல்ட் வைத்தார். சுவரில் வயர் வைத்த போன் முளைத்தது. மூன்று வைத்தார். வராந்தா நீள ஆரம்பித்தது. மூன்றேகாலில் நாங்கள் அப்போது குடியிருந்த பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் போய் நின்றது. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கோடியிலிருந்து என் மனைவி கனகவல்லி கரண்டியோடு வந்தாள். அவள் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

"கையை நீட்டுங்க. உப்புப் பாருங்க."

நீட்டினேன். கை ஆடவே இல்லை. உள்ளங்கையில் ரசத்தை ஊற்றினாள். சூடு. மிளகும் பூண்டும். நக்கினேன். எண்பத்தாறாம் வருஷம் முழுக்க நாக்கில் இருந்தது. ஐயோ, எத்தனை நாளாயிற்று! பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ம்" என்றுதான் வந்தது.

வோல்ட் ஏறினால் நாக்கு குழறிப்போகும். அதையும் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

"அதானே! கல்யாணமான நாள்லேர்ந்து இந்த 'ம்'தானே," என்று திரும்பி நடந்தாள்.

அவள் சொன்னது சரி. முப்பத்தோரு வருஷம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் 'ம்' போட்டவன் நான். உப்பு இருக்கிறதா இல்லையா என்று ஒரு நாள்கூட சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வோல்டை இறக்கச் சொல்லி ஜாடை காட்டினேன். எஸ்தர் மேடம் ஒரு ஃபாரம் நீட்டினார். அதில் கை, வாய் என்று இரண்டு கட்டம்.

"ஒண்ணுலதான் டிக் போடணும் சார். ரெண்டும் கேட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. நல்லா யோசிங்க. கைக்காகத்தானே ஆபரேஷனே பண்ணிக்கிட்டீங்க?"

வாயில் டிக் போட்டேன். என் கை கடைசியாக நேராகப் போட்ட கோடு அதுதான்.

கொஞ்சம் இறக்கினார். கை உதற ஆரம்பித்தது. கனகவல்லி மங்கலானாள், ஆனால் போகவில்லை.

"கனகு!" என்றேன். நாக்கு வேலை செய்தது.

திரும்பி வந்தாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவ்வளவும் விரலிடுக்கில் ஒழுகித் தரைக்குப் போயிற்று. வாய்க்கு ஒரு சொட்டு வரவில்லை.

"உப்பு ஒரு கல்லு கம்மி," என்றேன்.

"நீங்கதான் ருசியே பார்க்கலையே?"

"முன்னாடி பார்த்ததுக்கெல்லாம் சேர்த்து இப்பச் சொல்றேன்."

அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"வாயைத் திறந்து சொல்லிட்டீங்களே! இருங்க, போட்டு எடுத்துட்டு வரேன்."

உள்ளே போனாள். நான் உதறுகிற கையை நீட்டியபடி நின்றேன்.

"இதையே சேவ் பண்ணிடவா சார்?" என்றார் எஸ்தர் மேடம்.

"செத்த இருங்க மேடம். உப்பு போட்டு எடுத்துட்டு வரப் போயிருக்கா."