வெள்ளைக் கையுறை

வேட் ஓவனுக்குள் தலையை விட்டு, பல் துலக்கும் பிரஷால் மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கால்சட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தது. பாட்டியை ஏற்றிய வண்டி இன்னும் அரை மணியில் வாசலுக்கு வந்துவிடும். இங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் கல்லறைக்குப் போகும்.

ஃபூமியே பாட்டி செவ்வாய்க்கிழமை இறந்தாள். அவன் மனைவி கோரினின் பாட்டி. கோரின் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

கடைசி நாளன்று பாட்டி அவனைக் கூப்பிட்டு, வீட்டைச் சுத்தம் செய்யச் சொன்னாள். அமெரிக்க ராணுவத்து சார்ஜண்ட் லீலண்டைக் கட்டிக்கொண்டு ஜப்பானிலிருந்து வந்தவள், அவரோடு பதினொரு ராணுவ வீடுகள் மாறியிருந்தாள். ஒவ்வொன்றையும் காலி செய்யும்போது அதிகாரி வெள்ளைக் கையுறை போட்டு ஓவன், ஜன்னல் விளிம்பு, ஃபிரிட்ஜின் மேற்புறம் எல்லாம் விரலால் தடவிப் பார்ப்பான். ஜப்பான்காரி எப்படி வைத்திருக்கிறாள் என்று பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்களும் எட்ட நிற்பார்கள். ஒரு தடவைகூட அவள் தோற்றதில்லை.

"இது உங்க சொந்த வீடு பாட்டி. இங்க யாரு வந்து பாக்கப் போறா?"

"யாராச்சும் வருவாங்க. நான் பொறப்படறதுக்குள்ள முடிச்சுடு."

சரி என்று சொல்லியிருந்தான்.

கோரின் இறந்த மாதம், ராணுவம் கொடுத்த குடும்ப வீட்டை, தனியாளாகிவிட்ட அவனும் காலி செய்ய வேண்டியிருந்தது. ஒரு தட்டைக்கூட எடுக்க முடியாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். பாட்டி வாளியும் வினிகருமாக வந்தாள். பிரஷை அவன் கையில் திணித்து, ஸ்டவ் திருகெல்லாம் அவன் பொறுப்பு என்றாள். இரண்டு நாள் தேய்த்தார்கள். கோரின் பாதி தின்று வைத்த ஜாம் பாட்டிலை மட்டும் அவள் கழுவவில்லை. செய்தித்தாளில் சுற்றி அவன் பைக்குள் வைத்தாள். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனதும், நடுவே உப்புப் பழம் வைத்த சோற்று உருண்டை ஒன்றை நீட்டினாள். பல நாள் கழித்து அவன் சாப்பிட்டது அதுதான்.

"மாப்ள, ஓவனுக்குள்ள என்னத்தத் தேடறீங்க?"

கோரினின் அம்மா ஜாய்ஸ். கையில், சவப்பெட்டி தூக்குகிறவர்களுக்கான வெள்ளைக் கையுறைகள். அவளுக்குப் பின்னால் அவள் தம்பி டேல்.

"எங்கம்மாவத் தூக்க ஆறு பேரு எதுக்கு? என் ஒரு கை போதும்," என்று சொல்லிவிட்டு டேல் மூக்கைச் சிந்தினான்.

"நீங்கதான் முன்னால பிடிக்கணுமாம் மாப்ள," என்றாள் ஜாய்ஸ். "அம்மா எழுதி வச்சிருக்கா."

வேட் கையுறையை மாட்டிக்கொண்டான். ஓவனுக்குள் விரலை ஓட்டினான். வெள்ளை. ஜன்னல் விளிம்பிலும் வெள்ளை. ஃபிரிட்ஜைப் பார்த்தான். அதன் மேற்புறத்தை மறந்தே போயிருந்தான். ஓக்லஹோமாக் காற்றுக்கு இரண்டு நாளில் செந்தூசி படிந்துவிடும். வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. எம்பித் தடவினான்.

விரல் வெள்ளையாகவே இருந்தது.

"காலைல நான் தொடச்சேன்," என்றாள் ஜாய்ஸ். "அம்மா என்கிட்டயும் சொல்லிட்டுப் போயிருக்கா. நீங்க மேல பாக்க மாட்டீங்களாம்."

கல்லறையில், வழக்கப்படி ஆறு பேரும் கையுறைகளைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார்கள். வேட் கடைசியாக வைத்தான். வலது உறையின் ஆட்காட்டி விரலை நீவி, தடவிய பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வைத்தான்.