சூட்கேஸ் கடைக்காரரின் சம்மதம்

"ஒரு மாபெரும் கட்டடத்தின் வரலாறு, அதற்காக உயிரைக் கொடுத்தவர்களின் வரலாறே ஆகும்" என்று பொது மேலாளர் கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். வாசித்துவிட்டு, கூடத்தில் கிடத்தியிருந்த உடலை ஒருமுறையும், வாசல் வரை போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒருமுறையும் பார்த்துக்கொண்டார்.

நேற்று வரைக்கும் அந்தப் பேரங்காடிக்காக யாரும் உயிரைக் கொடுத்ததில்லை. நகரும் படிக்கட்டுக்கு ஒரு பெண்மணி ஒற்றைச் செருப்பைக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் தன் மதியச் சாப்பாட்டைக் கொடுத்திருக்கிறது. உயிர் என்று பார்த்தால் சூட்கேஸ் கடைக்காரர்தான் முதல் ஆள். அதுவும் அங்காடிக்காக அல்ல, அங்காடியில்.

வாக்கியத்தை எழுதியவன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். கடைக்காரரின் மகன், அங்காடியின் விளம்பர அதிகாரி. அழுதுகொண்டேதான் எழுதினான். ஆனால் 'மாபெரும்' என்ற சொல் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டது. பழக்கதோஷம்.

காலடியில் நிர்வாகம் கொண்டுவந்த மலர்வளையம் இருந்தது. குறுக்கே போட்டிருந்த ரிப்பனைத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். துணி மெல்லிசு, 'வெள்ளி விழா மெகா தள்ளுபடி' என்ற எழுத்துகள் பின்பக்கமிருந்து இடம் வலம் மாறித் தெரிந்தன. அக்கா யாருக்கும் தெரியாமல் ஒரு மாலையை இழுத்து அதன்மேல் போட்டாள்.

அங்காடியின் வரலாற்றை அவன் நான்கு முறை எழுதியிருக்கிறான். நடந்தது ஒன்றுதான், அடைமொழிகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. புறநகரில், பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் ஒரு கோழிப்பண்ணை இருந்தது. அதை இடித்துவிட்டுக் கட்டினார்கள். முதல் பதிப்பில் அது 'பண்ணை நிலம்'. அடுத்ததில் 'பசுமைவெளி'. வெள்ளி விழா மலரில் 'பறவைகள் பாடிய சோலை'. மழை பெய்தால் அந்தப் பறவைகளின் நினைவு இன்றைக்கும் லிஃப்ட் குழியிலிருந்து மேலே வரும்.

திறந்த புதிதில் சனம் அலைமோதியது உண்மைதான். மூன்று மாடி உயரத்துக்கு நீரூற்று, நாலு சினிமாத் திரை. நகரும் படிக்கட்டில் ஏறி இறங்குவதற்கென்றே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஏறி இறங்கிவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார்கள். பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில் இதைவிடப் பெரிதாக ஒன்று முளைத்தது. துணிக்கடை போயிற்று. நகைக்கடை போயிற்று. அது இருந்த இடத்துக்கு வந்த பரீட்சைப் பயிற்சி வகுப்பும் தேறவில்லை. நீரூற்றில் தண்ணீரை நிறுத்திப் பிளாஸ்டிக் செடிகளை வைத்தார்கள். நகரும் படிக்கட்டு வெறும் படிக்கட்டானது. ஏசியை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. இத்தனைக்கும் சேர்த்து அவன் வைத்த பெயர் 'அமைதியான வணிகச் சூழல்'.

அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சு நின்றது வெள்ளி விழா மலரால்தான். அங்காடி திறந்த அன்று முதல் விற்பனை அப்பாவின் கடையில் நடந்தது. வாங்கியவர் ஒரு முதியவர். பஸ் வர நேரமாகும், நிறுத்தத்தில் உட்கார இடமில்லை என்று ஒரு கெட்டியான சூட்கேஸ் வாங்கிக்கொண்டு போய் அதன்மேல் உட்கார்ந்தார். அப்பா இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். மகன் மலரில் எழுதியது வேறு: 'முதல் விற்பனையாக, வெளிநாட்டுப் பிரமுகர் ஒருவர் வைர அட்டிகை வாங்கினார்.'

அப்பா மலரை மூடி வைத்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கான்" என்று அம்மாவிடம் சொன்னார். மகனிடம் அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. உப்புக்கூட அம்மா வழியாகத்தான் போய் வந்தது.

இந்த நிலைமையில்தான் அங்காடியை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டுவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. கடைசியில் மிஞ்சியிருந்தவை இரண்டு: ஒரு ஜிம், ஒரு சூட்கேஸ் கடை. ஜிம் மாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். சூட்கேஸ் கடைக்காரர் முடியாது என்றார். அப்பாவைச் சம்மதிக்க வைத்தால், புதிய குடியிருப்பில் மகனுக்குப் 'பாரம்பரிய ஆலோசகர்' பதவி என்று பொது மேலாளர் சொல்லியிருந்தார். கட்டாத வீட்டுக்கு என்ன பாரம்பரியம் என்று அவன் கேட்கவில்லை. அதை எழுதத்தானே அவன்.

நேற்று மத்தியானம் அவன் இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனான். பூட்டிக் கிடந்த சினிமா வாசலில் இரண்டு மசாஜ் நாற்காலிகள். ஒன்று எப்போதோ கெட்டுப்போனது. மற்றதில் அப்பா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கடைக்கு ஆள் வராத நேரங்களில், அதாவது கடை திறந்திருக்கும் நேரமெல்லாம், அவர் அங்கேதான் இருப்பார். மகனைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வதும் வழக்கம்தான். அவன் கெட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பாவின் நாற்காலி உறுமிக்கொண்டிருந்தது. மனசு விட்டுப் பேச அந்தச் சத்தம் தோதாக இருந்தது.

"அப்பா, அந்த முதல் விற்பனை... நான் எழுதினது தப்புதான்."

அப்பா தலையாட்டினார்.

"கடையைக் குடுத்துடலாம்ப்பா. இந்த வயசுல எதுக்கு இந்தப் படியெல்லாம் ஏறி இறங்கிக்கிட்டு? சம்மதமா?"

தலையாட்டினார். அவசரமில்லாமல், யோசித்து முடிவுக்கு வந்தவர் மாதிரி.

"என் மேல இருந்த கோபம் போயிடுச்சாப்பா?"

அதற்கும் ஆட்டினார்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோதும் அப்பா தலையாட்டிக்கொண்டேதான் இருந்தார். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டான். நேரே பொது மேலாளர் அறைக்குப் போனான். அவர் வரவழைத்த காபி பாதி தீர்வதற்குள் காவலாளியிடமிருந்து போன் வந்தது.

"சார், சேர் நின்னுடுச்சு. உங்க அப்பா எந்திரிக்க மாட்டேங்கறார்."

இதயம் என்றார் டாக்டர். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது, கஷ்டப்படவில்லை என்றார். எப்போது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது தெரிந்ததாகவே இருந்தது.

"இந்த அங்காடியின் முதல் விற்பனையைச் செய்தவர் இவரே" என்று பொது மேலாளர் வாசித்துக்கொண்டிருந்தார். "உலகப் பயணத்துக்குப் புறப்பட்ட ஒரு பயணிக்கு அன்று இவர் ஒரு பெட்டியை வழங்கினார்."

அக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். நேற்று ராத்திரி எழுதியபோது முதியவர் இருந்தார், பஸ் நிறுத்தமும் இருந்தது. காலையில் சுத்தப்பிரதி எடுக்கும்போது பஸ் எப்படியோ உலகம் சுற்றப் போய்விட்டது.

"தம் வாழ்வின் கடைசிச் செயலாக, வருங்காலத்துக்குத் தலையசைத்துச் சம்மதம் தந்தார் இந்தப் பெருந்தகை" என்று முடித்தார் பொது மேலாளர்.

அதுவரை சுவரில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். "யாரு சம்மதம் குடுத்தது?"

"அப்பாதாம்மா" என்றான் அவன்.

"யாருகிட்ட? உன்கிட்டயா?"

"அம்மா, மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் அக்கா.

"பாக்கட்டும். கட்டிக்கிட்ட நாள்லேருந்து இந்த மனுஷன் எனக்கு எதுக்காவது தலையாட்டியிருக்காரா? சமையல் எப்படி இருக்குன்னு கேட்டா எதிர்ச் சுவத்தைப் பாப்பார். நேத்து கிளம்பும்போதுகூட சொன்னாரே, 'உன் புள்ளை என்னை ஆட்டி வைக்கலாம்னு பாக்குறான், நடக்காதுன்னு சொல்லு'ன்னு."

"கடைசி நேரத்துல மனசு கனிஞ்சிருக்கும்மா" என்றார் பொது மேலாளர். "பெரிய மனசு அவருக்கு. அவர் விருப்பப்படி நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். இப்ப வேணாம். எல்லாம் முடியட்டும். சாயங்காலம் பாத்துக்கலாம்."

அம்மா மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மாலைகளைச் சரி செய்வதுபோல் குனிந்தான்.

ஜிம் மாஸ்டர் வந்து சேர்ந்தபோது வாசலில் கொஞ்சம் இடம் குறைந்தது. அகலமான தோள், அதைவிட அகலமான அழுகை. செருப்புகள் கிடந்த மூலைக்கு அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"சார், நான் பாவி சார். நேத்து அவருக்குக் கை குடுத்தேன்."

"தினமும் குடுப்பீங்களே மாஸ்டர்."

"தினமும் என் விரலை நசுக்குவார் சார், வேணும்னே. 'இதுதான் நீ வளத்த ஒடம்பா?'ம்பார். நேத்து நசுக்கல. தூங்குறார், தொந்தரவு பண்ண வேணாம்னு நானே கையை எடுத்துக் குலுக்கிட்டு வெச்சுட்டேன். கை ஜில்லுனு இருந்துச்சு சார். நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். "ஏசி போட்டுட்டாங்கன்னு நெனச்சேன் சார். ஓடிப்போயி ஜிம்முல ஜன்னலையெல்லாம் சாத்தினேன். உள்ள இருந்தவன்லாம் வெந்துட்டான்."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு வரவில்லை.

"இது எப்ப மாஸ்டர்?"

"நீங்க மேல வந்தீங்களே, அதுக்கு நல்லா முன்னாடி சார்."

"இல்ல. நான் அவர்கிட்டப் பேசினேன். தலையாட்டினார்."

"அப்படியா சார்?" மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "நீங்க போனப்ப சேர் ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடிட்டுதான் இருந்துச்சு" என்றான் அவன்.

"நான் பாத்தப்ப ஓடல சார். சும்மாதான் சாஞ்சிருந்தார். அப்புறம்தான் எவனோ ஓட விட்டிருக்கான். யாரு சார் போட்டிருப்பா?"

"தெரியல" என்றான். அவன் கை சட்டைப் பைக்குள் போயிருந்தது.

மூன்று முறையும் தலை ஒரே வேகத்தில் ஆடியது இப்போது நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்காதபோதும் ஆடியது. அவன் தப்பு என்று சொன்னதை அப்பா கேட்கவில்லை. கோபத்தை அவர் எங்கும் விடவில்லை, கையோடு கொண்டுபோய்விட்டார்.

உள்ளே பொது மேலாளர் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறியிருந்தார். மடியில் ஒரு தோல் பை. வண்டி வந்து வாசலில் நின்றது. ஆட்கள் எழுந்தார்கள், நாற்காலிகளை நகர்த்தினார்கள், யாரோ யாரையோ வழி விடச் சொன்னார்கள்.

"டேய், இங்க வா" என்றாள் அம்மா.

போனான்.

"அவர் முகத்துக்கு முன்னாடி வெச்சுக் கேக்கறேன். நீ எழுதுற மாதிரி சொல்லக் கூடாது. நடந்ததைச் சொல்லு. நெஜமாவே தலையாட்டினாரா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். வெள்ளைத் தலையணையில் அந்தத் தலை அசையாமல் இருந்தது. எதிர்ச் சுவரைப் பார்க்கிற வாக்கில் லேசாகச் சாய்ந்திருந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பொது மேலாளரும் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தால் எந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

தலையாட்டினான்.

"அப்ப சரி" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் சொன்னா சரிதான். சாயங்காலம் எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டு."

ஆட்கள் அப்பாவைத் தூக்கினார்கள்.

மசாஜ் நாற்காலிக்கு டோக்கன் போட்டவன் அவன்தான். பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் கொஞ்சம் இளகட்டும் என்று போட்டது. ஊழியர்களுக்கு அந்த டோக்கன் இலவசம்.