முதல் புள்ளி எந்தப் பக்கம்?

போன் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அக்கா நகத்தால் நெம்பி, சர்ரென்று உரித்தெடுத்தாள்.

“ஐயோ, புதுசு அது! நேத்துதான் ஒட்டினேன்!” கட்டிலில் இருந்து தம்பி கரகரத்தான்.

“போனா போகுது. இப்ப தட்டு.”

தம்பி போனைக் குறுக்காகப் பிடித்தான். திரையைத் தனக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, கைக்கு மூன்றாக ஆறு விரல்களை அதன் மேல் வைத்தான். பிரெயிலின் ஆறு புள்ளிகளுக்கு ஆறு விரல். ஓர் எழுத்துக்குரிய புள்ளிகளைச் சேர்த்துத் தட்டினால் போன் அந்த எழுத்தைச் சொல்ல வேண்டும்.

“ஏ” என்றது போன்.

“நான் போட்டது ‘இ’.”

“இன்னொண்ணு போடு.”

“இதோ, ‘ல’.”

“ள” என்றது போன். அதற்கப்புறம் அது சொன்னது எதுவும் எந்த மொழியிலும் சேர்த்தியில்லை.

“சிஸ்டர், மணி என்ன?” என்றாள் அக்கா.

“பத்து பதினெட்டு,” என்றாள் கட்டிலருகே நின்ற நர்ஸ். “பதினோரு மணிக்கு ஸ்ட்ரெச்சர் வந்துடும்.”

பதினோரு மணிக்குத் தம்பியின் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். கட்டி அவ்வளவு தூரம் பரவிவிட்டது. இருபது வருடமாக ரயில் நிலைய அறிவிப்பாளர் அவன். பார்வை பிறவியிலேயே இல்லை. இன்று மாலை கண் விழிக்கும்போது குரலும் இருக்காது. ஆமாம், இல்லை என்பதற்குத் தலையாட்டலாம். எங்கே வலிக்கிறது, எப்படி மூச்சு முட்டுகிறது என்பதை எதை ஆட்டிச் சொல்வது? இந்தப் போன்தான் பேச வேண்டும்.

“மூணு வாரமா என்னடா பண்ணிட்டிருந்தே? பழகிட்டேன், பழகிட்டேன்னு வாய் கிழியச் சொன்னியே!”

“வரலைன்னு சொன்னா நீ திட்டுவேன்னுதான் சொல்லலை. வாய் இன்னும் முக்கால் மணி நேரம்தான் கிழியும். அனுபவிச்சுக்கோ.”

நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

அவளுக்கும் பார்வை கிடையாது. பயிற்சி மையத்தில் பார்வையில்லாதவர்களுக்கு இதே பாடத்தைத்தான் தினமும் நடத்துகிறாள். விரல்கள் பரபரவென்று ஓடின. மொழி? தமிழ்தான். திரை சுழல்கிறதா? இல்லை. அணைத்துப் போட்டாள். விரல்கள் நிற்கும் இடத்தைப் போனுக்குப் புதிதாகக் காட்டினாள்.

தம்பி தட்டினான். “ஏ.”

“கொடு இங்கே.” தானே பிடித்துத் தட்டினாள். “இலை” என்றது போன், பிசிறில்லாமல்.

“போன் சமர்த்தா இருக்கு. கோளாறு உன் கிட்டதான்.”

“இதைச் சொல்லவா பஸ் பிடிச்சு வந்தே?”

அக்கா எழுத்துகளை மறுபடி சொல்லிப் பார்த்தாள். ‘இ’க்கு ‘ஏ’. ‘ல’வுக்கு ‘ள’. எல்லாம் இடம் வலம் மாறி விழுகிறது. சட்டென்று கேட்டாள்:

“முதல் புள்ளி எந்தப் பக்கம்? யோசிக்காம சொல்லு.”

“வலது பக்கம், மேலே.”

“அடப்பாவி!”

பிரெயிலை வாசிக்கும்போது முதல் புள்ளி இடது பக்கம். ஸ்லேட் என்னும் துளைச் சட்டத்தில் தாளைச் செருகிக் குத்தூசியால் எழுதுகிறவனுக்கு மட்டும் அது வலது பக்கம். அவன் குத்துவது தாளின் முதுகில், வலமிருந்து இடமாக. திருப்பிப் போட்டால்தான் எழுத்து நேராகும். போன் திரை அந்தப் பக்கம் திரும்பியதும் தம்பியின் கை அதையும் தாளின் முதுகாக எடுத்துக்கொண்டுவிட்டது.

“ஸ்லேட்டுக் கைடா உனக்கு! இதுக்கு முதுகெல்லாம் கிடையாது. எழுதறதை மற. வாசிக்கிறதா நினைச்சுக்கோ.”

கட்டிலில் ஏறி அவன் பின்னால் உட்கார்ந்தாள். இரு பக்கமும் கையை நீட்டி, அவன் விரல்கள் மேல் தன் விரல்களை வைத்தாள். இடது ஆள்காட்டி, ஒன்று. நடுவிரல், இரண்டு. கடைசியாக இந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. மறுநாள் அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

“எங்க ஹாஸ்டல்ல கடிதம் வந்தா வார்டன் கூடத்துல நின்னு உரக்கப் படிப்பாங்க,” என்றாள், விரல்களை அழுத்திக்கொண்டே. “ஒருத்தி வீட்டுச் சண்டை ஊருக்கே மனப்பாடம். என் பிறந்தநாள் கடிதத்தை மட்டும் அங்கே கண்ணு தெரிஞ்ச யாராலயும் படிக்க முடியாது. அப்பா பிரெயில்ல எழுதினதாச்சே! போர்வைக்குள்ள வச்சுத் தடவித் தடவிப் படிப்பேன். எத்தனை பேருக்கு வயித்தெரிச்சல் தெரியுமா?”

“ம்.”

“கண்ணு தெரிஞ்ச மனுஷன், ராத்திரி கடையைச் சாத்திட்டு வந்து எனக்காகக் கத்துக்கிட்டார். போன வருஷம் சாகற வரைக்கும் ஒரு பிறந்தநாள் விடலை. எப்படிக் கத்துக்கிட்டீங்கன்னு நேர்ல கேட்டா மட்டும் இருமிட்டுப் பேச்சை மாத்துவார்.”

“ஒழுங்கா சொல்லிக் கொடு. மணி ஆகுது.”

ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாள். நாலு தடவை தப்பியது. ஐந்தாவது தடவை ‘இ’, இ-யாகவே வந்தது. ‘ல’ வந்தது. பத்து நாற்பத்தாறுக்கு, அக்கா கையை எடுத்த பிறகு, தம்பி தனியாக ஒரு முழு வாக்கியம் தட்டினான். போன் தன் தட்டைக் குரலில் அறிவித்தது:

“மூன்றாவது நடைமேடைக்கு வர வேண்டிய அக்கா, வழக்கம்போல் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்.”

நர்ஸ் கைதட்டினாள். அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

“ஒண்ணு இடிக்குதேடா. பள்ளிக்கூடத்தோட ஸ்லேட்டைத் தூக்கிப் போட்டேன்னு நீதானே சொன்னே? குரல் இருக்கும்போது புள்ளி எதுக்குன்னு பீத்திக்கிட்டே? நான் ஸ்லேட்டைத் தொட்டுப் பத்து வருஷம் ஆச்சு, எனக்கே கை மறந்து போச்சு. உனக்கு எப்படி யோசிக்காம வலது பக்கம்னு வருது?”

தம்பி போனின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

“எதுக்குடா எழுதிட்டிருந்தே? யாருக்கு?”

வராந்தாவில் சக்கரங்கள் கிறீச்சிட்டு நின்றன. கதவு திறந்தது. இரண்டு பேர் அவனைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள்.

“போனை இங்கேயே கொடுத்துட்டு வாங்க சார்,” என்றாள் நர்ஸ்.

“ஒரே நிமிஷம், சிஸ்டர்.”

குரல் இருந்தும் தம்பி அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. திரையை அந்தப் பக்கம் திருப்பினான். இடது ஆள்காட்டி விரலை முதலில் ஊன்றினான். மெதுவாக, நிறுத்தி நிறுத்தித் தட்டினான். பிறகு போனை அக்காவின் உள்ளங்கையில் திணித்து, அவள் விரல்களை மூடினான். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

அவள் கைக்குள்ளிருந்து போன் படித்தது:

“அப்பா பிரெயில் கத்துக்கவே இல்லை அக்கா. முப்பத்தொரு கடிதமும் நான் எழுதினது.”