சமத்துப் பிள்ளை

கூடத்தில் கிடத்தியிருந்த கணவரின் சட்டைக் காலரை நர்ஸம்மா இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தபோதும் அந்த மனிதருக்கு ஒரு பக்கக் காலர் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

"இத்தனை ஓலத்துலயும் தூங்குது பாரு, என்ன சமத்து!" என்றாள் யாரோ ஒருத்தி.

கொழுந்தன் மகனின் மூன்று மாதக் குழந்தை அது. காலமெல்லாம் குழந்தைகள் வார்டில் கிடந்தவளுக்கு இந்த மாதிரிச் சமத்தைக் கண்டாலே ஆகாது. எழுந்து போனாள்.

"பால் குடிச்சானா?"

"காலையிலேர்ந்து இல்ல அத்தை. வாந்தியா எடுக்கறான். காய்ச்சலும் இல்ல" என்றாள் குழந்தையின் அம்மாவான மருமகள்.

வாங்கி நிமிர்த்திப் பிடித்தாள். கைகள் துவண்டு தொங்கின. உள்ளங்காலைச் சுண்டினாள், முனகல்கூட இல்லை. உச்சிக்குழி புடைத்து இறுகியிருந்தது. காதுக்குப் பின்னால் ஒரு நீலத் தடம். புரளவே தெரியாத பிள்ளைக்கு அங்கே தானாக அடி படாது.

குழந்தையின் அப்பன் சுவரோரம் நின்றான். பெரியப்பாவின் தோளிலேயே வளர்ந்த பயல். அவள் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுடா கண்ணா. தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்."

"நேத்து அழுகைய நிறுத்தவே இல்ல பெரியம்மா. எனக்கு என்னமோ ஆயிடுச்சு... புடிச்சு உலுக்கிட்டேன். கட்டில்ல போட்டேன். அப்புறம் அழவே இல்ல. தூங்கிட்டான்னு நெனச்சேன்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர்கிட்டயும் இதையே சொல்லணும். காரை எடு."

கொழுந்தன் வழிமறித்தார். "அண்ணி, அண்ணனை எடுக்கிற நேரம். அவங்க கொண்டு போகட்டுமே!"

"வழியில மூச்சு நின்னா யாருக்குப் பார்க்கத் தெரியும்? தள்ளுங்க."

காரில் குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்தபடியே போனாள். ஆஸ்பத்திரியில் பயல் எதையும் மறைக்கவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். உள்ளே கொண்டுபோனார்கள்.

போன் அடித்தது.

"அண்ணி, உங்களுக்காகக் காத்திருக்கோம். முகத்தை ஒரு தடவை பார்க்க வேணாமா?"

பார்க்க வேண்டும். அதைவிட இன்று அவளுக்கு வேறென்ன வேண்டும்?

"வேணாம், எடுங்க. என் டூட்டி முடியட்டும்னு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியில நின்னு நின்னே அந்த மனுஷனுக்குக் காலே தேஞ்சு போச்சு. இன்னைக்காவது முன்னாடி போகட்டும்."

கதவுக்கு உள்ளேயிருந்து மெல்லியதாக ஓர் அழுகை கேட்டது. மருமகள் எழுந்து ஓடினாள். நர்ஸம்மா பெஞ்சிலேயே இருந்தாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. அந்தப் பக்கம் வண்டி கிளம்பும் சத்தம்.