ஒன்பதாம் விதியும் ஒரு கட்டிலும்

தீயணைப்புத் துறை அனுப்பிய தாளில் பதினான்கு விதிகள் இருந்தன. பதின்மூன்றை முடித்திருந்தோம்.

எங்கள் பெயிண்ட் கடைக் கிடங்கின் ஸ்விட்சை வெளிச்சுவருக்கு மாற்றியாயிற்று. பெயிண்டைக் கரைக்கும் தின்னர், வார்னிஷ் டின்களெல்லாம் இரும்பு அலமாரிக்குள் போயின. கசிந்தால் ஏந்திக்கொள்ள அடியில் தட்டு. இரண்டு வாளி மணல், இரண்டுக்கும் சிவப்புப் பூச்சு. ‘புகை பிடிக்காதீர்’ என்று என் மைத்துனன் தன் கையாலேயே ஒரு பலகை எழுதினான். அந்த எழுத்தைப் பார்த்தால் பிடிக்காதவனுக்கும் ஒரு சிகரெட் பிடிக்கத் தோன்றும் என்றார் எதிர்க்கடை சலூன்காரர்.

மீதி ஒன்பதாம் விதி. நூறு லிட்டருக்கு மேல் எரியும் திரவம் வைத்திருக்கும் அறைக்கு நேர் மேலே யாரும் உறங்கக் கூடாது.

நேர் மேலே உறங்குவது நான்.

பெயிண்ட் கடை என் மாமியாருடையது. உரிமம் மட்டும் என் மனைவி பெயரில் இருந்தது. அவள் இறந்து ஏழு மாதம். உரிமத்தை அத்தை பெயருக்கு மாற்றத்தான் இந்த ஆய்வு. தேறாவிட்டால் கடைக்குப் பூட்டு. கீழே முன்னறை கடை, பின்னறை கிடங்கு. மாடியில் அத்தைக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை, நடுவில் கூடம். கூடத்தில் மைத்துனன் படுப்பான். அவன் காலை நீட்டினால் கூடம் முடிந்துவிடும்.

சட்டத் தாள் எது வந்தாலும் படித்துச் சொல்வது என் வேலை. ஒன்பதாம் விதியைப் படித்துவிட்டு, ஆய்வு நாளன்றே என் அக்கா வீட்டோடு போய்விடுகிறேன் என்றேன். மூன்றாம் நாள் அத்தை என் முன்னால் தட்டை வைத்தபடி சொன்னார்.

“போறதுன்னா அந்தக் கட்டிலையும் தூக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை. ஆள் இல்லாத கட்டிலை தினம் தினம் துடைச்சுக்கிட்டு இருக்க என்னால ஆகாது.”

ஆகவே ஆய்வு நாள் காலை ஒன்பது மணிக்குக் கட்டிலைத் தூக்கினோம்.

எங்கள் கல்யாணத்துக்குச் செய்த கட்டில். தச்சர் துண்டு துண்டாகக் கொண்டுவந்து அறைக்குள் வைத்துப் பூட்டியது. கழற்றப் போனால் திருகாணிகளைக் காணோம். டப்பாக்களின் அடியில் மிஞ்சும் பெயிண்டையெல்லாம் என் மனைவி இந்தக் கட்டிலுக்குத்தான் அடிப்பாள். நான்கு வருடத்தில் ஒன்பது பூச்சு. திருகாணி, மூட்டு, செதுக்கிய பூ எல்லாம் ஒரே வழவழப்பாகியிருந்தன. அப்படியே முழுசாக இறக்கினோம்.

படி திரும்பும் இடத்தில் கட்டில் நின்றது. மேலே மைத்துனன், கீழே நான்.

“மச்சான், கொஞ்சம் சாய்ங்க.”

“எந்தப் பக்கம்?”

“என் பக்கம்.”

“உன் பக்கம் எதுன்னு எப்படித் தெரியும்? உன் மூஞ்சியே தெரியல.”

“நல்லதாப் போச்சு. இழுங்க.”

இழுத்தேன். கட்டில் இன்னும் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டது.

“டேய், சுவரு! போன வாரம்தான்டா அடிச்சது!” அத்தை கீழிருந்து கத்தினார்.

சத்தம் கேட்டுச் சலூன்காரர் வந்தார். அவர் பின்னாலேயே அவருடைய வாடிக்கையாளர் ஒருவர், கழுத்தில் வெள்ளைத் துணியோடு. தலையில் பாதி வெட்டியிருந்தது. பாதி வெட்டவில்லை.

“கட்டிலை நிமிர்த்தணும்” என்றார் சலூன்காரர்.

“படுக்க வைக்கணும்” என்றார் பாதித் தலை.

“நீங்க முதல்ல தலையை முடிங்க” என்றான் மைத்துனன்.

அப்போதுதான் வாசலில் அதிகாரி வந்து நின்றார். குள்ளமான பெண், பெரிய பூட்ஸ், கையில் நோட்டும் அளக்கிற டேப்பும்.

“மேடம், பதினோரு மணின்னுதானே சொன்னாங்க?” அத்தைக்கு வியர்த்துவிட்டது.

“தீ மணி சொல்லிட்டா வருதும்மா?”

மளமளவென்று பார்த்தார். வாளி, சரி. அலமாரி, சரி. பலகையின் முன்னால் சற்று நின்றார். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சரி என்று குறித்துக்கொண்டார். பிறகு படிக்கட்டுக்கு வந்தார்.

“மேல பாக்கணும்.”

“மேல ஒண்ணுமே இல்ல மேடம்” என்றார் அத்தை.

“நான் இருக்கேன்மா” என்று கட்டிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

அதிகாரி கட்டிலை ஏற இறங்கப் பார்த்தார். “இதுல யாரு படுக்கிறது?”

“யாரும் இல்ல” என்றார் அத்தை.

“நான்தான்” என்றான் மைத்துனன்.

“மாப்பிள்ளைங்க” என்றார் சலூன்காரர். மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

அதிகாரி பாதித் தலைக்காரரைப் பார்த்தார். “நீங்க?”

“ஐயோ, நான் முடி வெட்ட வந்தேங்க.”

முதலில் சிரித்தது அத்தை. வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சலூன்காரருக்குத் தொற்றியது. மேலே மைத்துனன் சிரிக்கச் சிரிக்கக் கட்டில் அதிர்ந்தது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ குலுங்கியது. விக்கல் என்று நினைத்தேன். விக்கல் இல்லை, சிரிப்பு.

அதிகாரி நோட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து மேலே போனார். பூட்ஸ் சத்தம் என் அறைக்குள் நடந்தது. டேப் சரசரத்தது. மறுபடி தவழ்ந்து இறங்கி வந்தார், முழங்காலெல்லாம் தூசி.

“மேல ஒரு பை கட்டி வச்சிருக்கு. யாரு ஊருக்குப் போறது?”

“இவருதான் மேடம்” என்றார் அத்தை. சிரிப்பு நின்றிருந்தது. “உங்க ஒன்பதாம் விதியைப் படிச்சிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டாரு.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “எங்க, படிங்க பாப்போம்.”

படித்தேன்.

“இதுல ஆளை எங்க போகச் சொல்லுது?”

தாளைப் பார்த்தேன். சொல்லவில்லை.

“மேல ஆள் தூங்கினா கீழ நூறு லிட்டரைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான். டின்னைக் கிளப்புங்க. மனுசனை ஏன் கிளப்புறீங்க?”

மூன்று வாரம் அந்தத் தாளை வைத்திருந்தேன். எத்தனை முறை படித்தேனோ. ஒரு முறைகூட டின்கள் என் கண்ணில் படவில்லை.

பின்முற்றத்தில் தனியாக ஒரு செங்கல் அறை இருந்தது. வீட்டிலிருந்து ஆறு மீட்டர். மேலே கூரை மட்டும், கதவு வெளிப்பக்கம் திறக்கும், காற்று போக வலை ஜன்னல். அதிகாரி அளந்துவிட்டுத் தலையாட்டினார். உள்ளே எட்டிப் பார்த்ததும் தலையாட்டம் நின்றது. மூன்று கால் நாற்காலிகள், சக்கரமில்லாத சைக்கிள், அடி போன அண்டாக்கள். எதற்காவது ஆகும் என்று அத்தை இருபது வருடமாகச் சேர்த்தது. யாரையும் தொட விட்டதில்லை.

“பக்கத்துத் தெருவுல ஒரு கடை பாக்கணும். பன்னிரண்டுக்கு வருவேன். இந்த ரூம் காலியாகி டின்னெல்லாம் இங்க இருக்கணும். படியில வழி இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லாட்டியும் கையெழுத்துக் கிடையாது.”

அவர் வாசல் தாண்டுவதற்குள் முதல் நாற்காலி முற்றத்தில் வந்து விழுந்தது. வீசியது அத்தை.

“அம்மா, அது ஆகும்னியே!”

“ஆகுற மூஞ்சியைப் பாரு! தூக்குடா சைக்கிளை!”

மைத்துனன் கட்டிலுக்கடியில் சறுக்கி வந்து சேர்ந்தான். சலூன்காரர் கடைக்குத் திரைபோட்டுவிட்டு வந்தார். பாதித் தலைக்காரர், எப்படியும் இந்தத் தலையோடு தெருவில் போக முடியாது என்று கழுத்துத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டார். வரிசையாக நின்று கை மாற்றினோம். பதினெட்டு டின். டின்னுக்கு இருபது லிட்டர். ஒவ்வொரு டின்னுக்கும் அத்தை சத்தமாக எண்ணினார். ஏழுக்குப் பிறகு ஒன்பது என்றார். எட்டைக் காணோம் என்று மைத்துனன் அலறினான். எட்டு பாதித் தலைக்காரரின் மடியில் இருந்தது, அவர் இளைப்பாறிக்கொண்டிருந்தார். அலமாரி போனது, தட்டு போனது, வாளிகள் போயின. யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது பதினொன்றரைக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கட்டில் மட்டும் பாக்கி.

நால்வரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சுவரில் உரசிய மூலையில் பெயிண்ட் உரிந்திருந்தது. வெள்ளைக்கு அடியில் பச்சை, அதற்கடியில் மஞ்சள், அப்புறம் ஒரு நீலம். அந்த நீலத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

“மச்சான்,” மைத்துனனுக்கு மூச்சு வாங்கியது, “மேலயா, கீழயா?”

கீழே அத்தை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். என்னைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

“மேல” என்றேன்.

“கேக்கல மாப்பிள்ளை” என்றார் அத்தை.

“மேல!”

“அப்புறம் என்னடா நிக்கிறீங்க, தள்ளுங்க!”

அத்தையும் வந்து தோளைக் கொடுத்தார். மரம் முனகியது. சுவரிலிருந்து ஒரு கையகலம் பூச்சு பெயர்ந்து எங்கள் தலையில் கொட்டியது. கட்டில் ஒரு படி ஏறியது. பிறகு இன்னொரு படி.