ஈரத்துணிக்கு மேலே

எங்கள் பின்முற்றத்தில் வெயில் ஒரு பக்கம்தான் விழும். அம்மா சலவைக்கு எடுக்கும் விடுதிப் படுக்கை விரிப்புகள் அங்கேதான் காயும். அந்தப் பக்கச் சுவரில்தான் அப்பா அக்கா கூடைப்பந்து போட்டுப் பழக ஒரு பழைய சைக்கிள் ரிம்மைக் கட்டிவிட்டிருந்தார். அக்காவுக்கும் ரிம்முக்கும் நடுவில் எப்போதும் ஈரத்துணி.

“கொக்கு, பந்து துணியில பட்டுச்சுன்னா நீயேதான் துவைக்கணும்” என்பாள் அம்மா.

நெடுநெடுவென்று வளர்ந்ததால் வீட்டில் அவள் கொக்கு. முதலில் நிறையத் துவைத்தாள். பிறகு அவள் பந்து மொட்டைமாடியை எட்டிப் பார்த்துவிட்டு நேராக ரிம்முக்குள் இறங்கப் பழகியது.

பள்ளி அணி, கல்லூரி அணி. கடைசியில் ஒரு தொழில்முறை அணி பயிற்சி முகாமுக்கு அழைத்தது. அங்கே ஒருத்திக்குத்தான் ஒப்பந்தம்.

பயிற்சியாளருக்கு அவள் எறிவது பிடிக்கவில்லை. “என்னம்மா, காக்கா விரட்டுறியா? தாழ்த்திப் போடு.”

தாழ்த்திப் போட்டாள். பாதி வளையத்தில் மோதித் திரும்பியது. மீதியை எதிரணிக்காரிகள் கையாலேயே தட்டிவிட்டார்கள்.

“நாளைக்குக் கடைசி ஆட்டம். என்னை எடுக்க மாட்டாங்கடி. துணி மடிக்க வந்துடறேன்” என்றாள் போனில்.

நான் இயற்பியல் படித்தவள். மேலிருந்து இறங்கும் பந்துக்கு வளையம் அகலமாகக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லத்தான் வாய் வராது. அம்மாவிடம் சொன்னேன்.

“அகலமோ குறுகலோ, யாரு அவளை மாத்தச் சொன்னது? கிளம்புடி.”

விடுதிக்குக் கொடுக்க வேண்டிய மூட்டையோடு அரங்கத்தில் போய் உட்கார்ந்தோம். அக்கா எறிந்ததையெல்லாம் ஒரு நெட்டைக்காரி தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, ஒரு வெள்ளை விரிப்பை உதறிப் பிடித்து எழுந்து நின்றாள்.

“ஏய் கொக்கு! அவளும் துணிதாண்டி! மேல படாம போடு!”

அரங்கமே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. விரிப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அதனால் பந்து மேலே போனதை நான் பார்க்கவில்லை. வலை ‘சர்ரக்’ என்றது மட்டும் கேட்டது. சற்று நேரத்தில் மறுபடி. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் எங்களிடம் வந்தார். “அந்தத் துணியை இங்கேயே விட்டுட்டுப் போறீங்களா?”

“அது விடுதித் துணிங்க. பொண்ணை வேணா வச்சுக்குங்க.”

வைத்துக்கொண்டார்.

இப்போது பேருந்துகளின் முதுகில் அக்காவின் படம் போகிறது. போன வாரம் கோப்பையோடு வீட்டுக்கு வந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் மதில்மேல் ஏறிக்கொண்டு, ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லி நச்சரித்தார்கள். எறிந்தாள். பந்து ஒரு விரிப்பின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மா வாளியை நகர்த்தி அக்காவின் காலடியில் வைத்தாள்.

அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். “சோப்பு எங்கடி?” என்றாள் என்னிடம்.