ஏழு கணினிகளில் ஒரு கழுகு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் கணினிகள் ஏழு, அவற்றுக்கு வைத்தியம் சொல்பவர்கள் எட்டுப் பேர். சம்பளம் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்ப்பவள் ஒருத்திதான். அவளை எல்லோரும் சிஸ்டம் என்றே கூப்பிட்டார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அண்ணன் வீடு மாறுகிறான் என்று நாலு நாள் விடுப்பில் போய்விட்டு வந்தாள். அதற்குள் அலுவலகத்தில் ஒரு புரட்சியே நடந்து முடிந்திருந்தது. அதுவரை கணக்கர் ஒரு பிரவுசர் வைத்திருந்தார், பணிமனை மேற்பார்வையாளர் இன்னொன்று. "என்னோடது கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்து நிக்கும்" என்பார் கணக்கர். "வந்து நிக்கும்யா. நின்னதும் மெஷினோட மூச்சையே குடிச்சிடும்" என்பார் மேற்பார்வையாளர். சாப்பாட்டு மேசையில் தினமும் இந்த மல்லுக்கட்டு நடக்கும். சாப்பாடு ஆறிப்போவதைத் தவிர வேறு சேதம் இருந்ததில்லை.

மேலாளருக்கு அது பொறுக்கவில்லை. நிர்வாகப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்த சூட்டோடு, சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து இரண்டையும் தூக்கிக் கடாசிவிட்டு, ஏழு கணினிகளிலும் ஒரே பிரவுசரைப் போட்டுவிட்டார். 'ஒரே குழு, ஒரே பிரவுசர், ஒரே புக்மார்க்' என்று சுவரில் ஒரு தாளும் ஒட்டியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"பத்து நிமிஷ வேலைம்மா. இதுக்குப் போய் நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?"

பத்து நிமிட வேலையின் லட்சணம் மூன்றாம் நாள் தெரிந்தது.

ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் முதலில் புகார் மேசை அக்காவின் திரையில்தான் சிவப்பாக ஒரு வரி எழும். அவர் பதினோரு வருடமாக அந்த வரிக்குக் காவல் இருப்பவர். அன்று காலையும் வரி எழுந்தது. ஆனால் அதை மறைத்துக்கொண்டு, 'வழுக்கையா? இன்று மட்டும் எழுபது சதவீதம் தள்ளுபடி' என்று பளபளவென்று ஒரு தலையும் எழுந்தது. அக்கா மூடினார். அடுத்த தலை வந்தது. அதையும் மூடினார். அதற்குப் பின்னால் ஒரு செருப்புக் கடையே வந்தது. இந்தத் தலைகளுக்கும் செருப்புகளுக்கும் அடியில், மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே ஒரு பல் மருத்துவர் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு கிடந்தார். மேலே அவருடைய நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்தாராம்.

மதியமே அக்காவின் கைக்கு மெமோ வந்துவிட்டது. 'அலுவலக நேரத்தில் தகாத இணையதளங்களைப் பார்வையிட்டதால் விளைந்த கவனக்குறைவு' என்று எழுதி, கீழே மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"தகாத தளமா? நாள் முழுக்க நான் பாக்குறது லிஃப்ட் கதவுதான்மா. அதுல என்ன தகாததைக் கண்டாரு இந்த மனுஷன்?" அக்கா அழவில்லை. காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தார்.

சிஸ்டம் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தடம் பதியாத தனி ஜன்னலில் புகார்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு தலையும் வரவில்லை. சாதாரண ஜன்னலில் திறந்தாள், தலைகள் வரிசைகட்டி வந்தன. ஆக, கோளாறு இணையதளத்தில் இல்லை, பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனில். பட்டியலைத் திறந்தால் 'தள்ளுபடிக் கழுகு' என்று ஒன்று, கூப்பன் தேடித் தருவதாகச் சத்தியம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தது. நீக்கினாள். மற்ற ஆறு கணினிகளுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கேயும் கழுகு தானாகவே பறந்து போயிருந்தது. அப்போதே அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஏழிலும் கழுகு திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. நீக்கினாள். அதற்கடுத்த நாளும் அதே ஒன்பதரைக்கு வந்தது. வைரஸ் சோதனை போட்டாள். தற்காலிகக் கோப்புகளை வழித்துத் துடைத்தாள். ஒரு கணினியில் பிரவுசரையே வேரோடு பிடுங்கிப் புதிதாக நட்டாள். கணக்கர் பக்கத்தில் வந்து நின்று, "என் பழைய பிரவுசரா இருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டுப் போனார்.

"வரவர இந்தப் பெட்டி ரொம்பப் பேசுதும்மா" என்றார் அக்கா. "'எண் பதினாலு லிஃப்ட்'னு தேடலாம்னு ஒரு 'எ' போட்டா, என்னென்னவோ எடுத்துக் கொடுக்குது. ஊர்ல எல்லாரும் தேடுறதைக் காட்டுதுன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

சிஸ்டம் முகவரிப் பட்டையில் ஒரே ஒரு 'எ' தட்டினாள். 'எச்சரிக்கை கொடுக்காமல் ஊழியரை நீக்குவது எப்படி' என்று முதல் வரி. 'எத்தனை நாளில் முடி முளைக்கும்' என்று இரண்டாவது. 'என் பேச்சை யாரும் ஏன் மதிப்பதில்லை' என்று மூன்றாவது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரையின் மூலையில் சின்ன வட்டத்துக்குள் ஒரு சூரியன் மறைந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தார்கள். சிஸ்டம் அதைச் சொடுக்கினாள். மேலாளரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் விரிந்தன. இவ்வளவு நாள் இதைச் சொடுக்கிப் பார்க்காமல் போனோமே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். அந்த மூன்றாவது வரிக்காக அரை நிமிடம் அந்த மனுஷன் மேல் பாவமாகக்கூட இருந்தது. முதல் வரியை இன்னொரு முறை படித்ததும் அது சரியாகிவிட்டது.

அவள் மேலாளரின் அறைக்குள் போனபோது அவர் தன் மடிக்கணினியில் மும்முரமாக இருந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. என்னோட கூப்பன் கழுகு தினமும் காணாமப் போகுது. நானும் காலைல வந்ததும் திரும்பத் திரும்பப் போடுறேன். எவனோ கை வைக்கிறான்."

"நான்தான் சார் வைக்கிறேன்." பொறுமையாக விளக்கினாள். "ஏழு மெஷின்லயும் உங்க கணக்கைப் போட்டுத் திறந்து விட்டிருக்கீங்க. நீங்க இங்க ஒண்ணு சேர்த்தா அங்க ஏழுலயும் வரும். நீங்க தேடுறது அவங்களுக்குத் தெரியும். அவங்க தேடுறது உங்களுக்கு வரும்."

"நான் தேடுறதுன்னா... எல்லாமா?"

"எல்லாமே சார்."

மேலாளரின் காது மடல் இரண்டும் சிவந்தன. கதவைச் சாத்தச் சொன்னார். "இது வெளிய போக வேண்டாம். ஊழியர் கவனக்குறைவுன்னு ஒரு அறிக்கை எழுதிக் கொண்டாங்க. தலைமை அலுவலகம் கேட்டிருக்கு."

"அப்ப அக்காவோட மெமோ?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒரு மெமோவால என்ன குடியா முழுகிடும்?"

சிஸ்டம் இருக்கைக்கு வந்து 'அறிக்கை' என்று தலைப்பைத் தட்டினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் புகார் மேசைத் தொலைபேசி மணி அடித்தது. அக்கா எடுத்தார்.

"புகார் மேசை, சொல்லுங்க."

"புகார் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றது ஒரு பெண் குரல். பக்கத்து நாற்காலி வரைக்கும் கேட்டது. "அஞ்சு மாசம் யாருக்கு?"

"எந்தக் கட்டடம் மேடம்? உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"என் வீட்டுக்காரர்தான் மாட்டிக்கிட்டாரு. உங்க மேலாளர். வீட்டு கம்ப்யூட்டரைத் திறந்தா, 'ஐந்து மாதக் கர்ப்பிணிக்கு என்ன வாங்கிக் கொடுத்தால் சந்தோஷப்படுவாள்'னு தேடி வெச்சிருக்காரு. இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு ஒரு கைக்குட்டை வாங்கித் தந்த மனுஷன் இல்லம்மா இவரு!"

கூடத்தின் அந்தப் பக்கம் கணக்கரின் முகம் வெளிறியது. அவருடைய மனைவிக்குத்தான் ஐந்தாம் மாதம் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு மேலாளரின் கதவைத் தட்டினார்.

"சார், உங்களுக்கு ஒரு அவசரப் புகார்."

கால் மணி நேரம் கழித்து மேலாளர் தானே சிஸ்டத்தின் மேசையைத் தேடி வந்தார். கழுத்துப் பட்டை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"அந்த அறிக்கை என்னாச்சும்மா?"

"எழுதிட்டிருக்கேன் சார். ஊழியர் கவனக்குறைவுன்னு."

"அய்யோ, வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. என் கணக்கு எல்லா மெஷின்லயும் இருந்துச்சு, யார் எதைத் தேடினாலும் என் பேர்லதான் விழும்னு தெளிவா எழுதுங்க. கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டு. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு போகணும்."

"எழுதலாம் சார். ஆனா யார் அந்தக் கணக்கைப் போட்டாங்கன்னும் எழுதணுமே. அப்படி எழுதினா அக்கா மெமோ பொய்யாயிடும். ரெண்டு காகிதமும் ஒரே ஃபைல்ல நிக்காது."

மேலாளர் கூடத்தைப் பார்த்தார். ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு விசைப்பலகையைத் தட்டினார்கள். ஒருவர் திரையிலும் ஒரு எழுத்தும் விழவில்லை.

மெமோவை வாபஸ் வாங்கும் கடிதம் பத்து நிமிடத்தில் தயாரானது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே வரி வரியாகப் படித்தார்.

"'வருந்துகிறேன்'னு ஒரு வார்த்தை இருக்கணுமே சார், காணோம்?"

"அது... விட்டுப் போச்சு."

"பரவாயில்ல, சேர்த்துக் கொடுங்க. காத்திருக்கேன்."

சேர்த்துக் கொடுத்தார். அக்கா அதை மடிக்காமல் ஒரு உறைக்குள் வைத்துக்கொண்டார். மேலாளர் தன் அறிக்கையை வாங்கிக்கொண்டு ஐந்து மணிக்கே கிளம்பினார். கணக்கரையும் சாட்சிக்குக் கையோடு கூட்டிக்கொண்டு போனார் என்பது மறுநாள்தான் தெரியவந்தது. அங்கே என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "அந்தம்மா எனக்குக் காப்பி கொடுத்தாங்க, அவருக்குக் கொடுக்கல" என்பதோடு கணக்கர் நிறுத்திக்கொண்டார்.

சிஸ்டம் ஏழு கணினிகளிலிருந்தும் மறையும் சூரியனை வெளியேற்றினாள். அவரவருக்குத் தனிக் கணக்கு, அவரவர் விருப்பப்படி பிரவுசர். புகார் மேசையில் மட்டும் எக்ஸ்டென்ஷன் எதுவுமே நுழைய முடியாதபடி பூட்டுப் போட்டாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் பெரிய திரையில் தன் மடிக்கணினியை இணைத்தார். நடந்த குழப்பத்துக்கெல்லாம் அந்தப் பிரவுசரின் தரக்குறைவே காரணம் என்றும், தாம் நேற்றே நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும், எல்லோர் கண்முன்னாலும் அதை நிறுவிக் காட்டப்போவதாகவும் அறிவித்தார். புதிய பிரவுசர் திறந்தது. பழைய பிரவுசரில் இருந்த எக்ஸ்டென்ஷன்கள், தேடல்கள் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவரவா என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது. மேலாளர் படிக்காமலே 'ஆம்' பக்கம் சுட்டியை நகர்த்தினார்.

சிஸ்டம் பதறி எழப்போனாள். அக்கா அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"விடும்மா. ஆசைப்படுறாரு, அழுத்தட்டும்."